றோய் ஹலடே இறந்த கிழமை நான் வாங்கிய பந்து

2017 நவம்பர் 7, செவ்வாய்க்கிழமை. ஸ்காபரோவில் நான் வேலை செய்த களஞ்சியத்தில் எனக்குப் பின்னேர ஷிப்ற். ஐந்தரைக்கு முதல் இடைவேளை. தேத்தண்ணியைக் கையில் எடுத்துக்கொண்டு போனைத் திறந்தால் முதல் செய்தியே றோய் ஹலடே. புளோரிடாக் கரைக்கு அப்பால், மெக்சிக்கோ வளைகுடாவில் அவருடைய சிறிய விமானம் விழுந்துவிட்டது. அவர் தனியாகத்தான் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். வயது 40. இரண்டு தரம் வாசித்தேன். பக்கத்தில் இருந்த பெடியன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னண்ணை, ஊரிலை ஆருக்கும் ஏதுமோ?" என்று கேட்டான். இல்லை, ஹலடே செத்துப்போனார் என்றேன். "ஆரண்ணை அது?" என்றான். பேஸ்போல் விளையாடியவர் என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிக் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். சொந்தத்தில் ஒருவர் போனால் வீட்டுக்கு நாலுபேர் வருவார்கள், சோறு கொண்டுவருவார்கள், பக்கத்தில் இருந்து கதைப்பார்கள். ஒருநாளும் கதைத்துப் பழகாத ஒரு விளையாட்டு வீரர் போனால் அந்தத் துக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததால் அந்தக் கிழமை ஒரு பிழை செய்தேன். கிட்டத்தட்ட 1,000 கனடிய டொலர் போனது. அதைவிடப் பெரிதாக, ஒன்றரை வருடத்துக்கு மேல் ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்த வெட்கம். அப்போது ஒருவர் எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று பலமுறை நினைத்ததால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் எனக்கு யார் என்று முதலில் சொல்ல வேண்டும். நான் கனடாவுக்கு வந்தது 2000 செப்ரெம்பர். தமையனோடு ஒரு நிலக்கீழறையில் இருந்துகொண்டு இரவு வேலைக்குப் போனேன். வேலைத்தலத்தில் ஒரு பழைய றேடியோ இருந்தது. கோடையில் அதில் எப்போதும் ரொறன்ரோ புளூ ஜேஸ் என்ற பேஸ்போல் அணியின் ஆட்டம்தான் போகும். ரொம் சீக், ஜெரி ஹவார்த் என்று இரண்டு வர்ணனையாளர்கள். அவர்கள் அவசரமில்லாமல் கதைப்பார்கள். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையில் நிறைய நேரம் இருக்கும், அந்த இடைவெளியில் நான் முதல் சொன்ன வசனத்தை மனதுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். என் ஆங்கிலம் வகுப்பில் வந்ததைவிட அந்த றேடியோவில் வந்ததுதான் கூட. ஹலடேக்கு 'டொக்' என்று பட்டப்பெயர் வைத்தவரும் ரொம் சீக்தான். பழைய அமெரிக்க மேற்கில் டொக் ஹொலிடே என்று ஒரு துப்பாக்கிக்காரர் இருந்தாராம், பெயர் ஒத்துப்போனதால் அப்படிக் கூப்பிட்டார், அதுவே நிலைத்துவிட்டது.

நான் வந்த அதே 2000ஆம் ஆண்டுதான் ஹலடேயின் மிக மோசமான ஆண்டு. அவர் பந்து எறிபவர். எறிவாளர் ஒருவர் ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக எத்தனை ஓட்டம் விட்டுக்கொடுக்கிறார் என்று ஒரு கணக்கு வைப்பார்கள். நான்குக்குக் கீழே இருந்தால் நல்லது. ஹலடேயுடையது அந்த வருடம் 10.64. ஒரு பருவத்தில் 50 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தவர்களில் அதைவிட மோசமாக எவரும் இருந்ததில்லை. முதல் சுற்றுத் தெரிவில் எடுக்கப்பட்டவர், தனது இரண்டாவது ஆட்டத்திலேயே, 1998 செப்ரெம்பரில், எதிரணிக்கு ஒரு அடியும் கொடுக்காமல் கடைசி ஆள்வரை போய், அந்தக் கடைசி ஆளிடம் ஹோம் ரன் வாங்கியவர். அப்படிப்பட்டவரை 2001இல் சிறு லீக்கின் கீழ்ப்படி ஒன்றுக்கு, புளோரிடாவில் இருக்கும் டனீடினுக்கு, இறக்கிவிட்டார்கள். அந்த வருடம் மெல் குயீன் என்ற பயிற்சியாளர் அவருடைய கை வரும் கோணத்தையே மாற்றினார். நேராக மேலிருந்து எறிந்தவர் கையைச் சற்றுத் தாழ்த்தி, பந்து கடைசி நேரத்தில் வளைந்து விழுகிற மாதிரி எறியப் பழகினார். அதே வருடமே மேலே திரும்பி வந்தார். 2003இல் 22 வெற்றி, 7 தோல்வி, அமெரிக்கன் லீக்கின் சிறந்த எறிவாளருக்கான சை யங் விருது. புது நாட்டில் எல்லாவற்றையும் அடியிலிருந்து பழகிக்கொண்டிருந்த எனக்கு அது வெறும் விளையாட்டுச் செய்தியாக இருக்கவில்லை.

2003 செப்ரெம்பர் 6, சனிக்கிழமை, ஜேஸின் மைதானமான ஸ்கைடோமில் ஐந்நூறாம் அடுக்கில், கூரைக்குக் கிட்ட இருந்து நான் அவரைப் பார்த்தேன். அந்த வருடம் 119 ஆட்டம் தோற்ற டெட்ராயிட்தான் எதிரணி, ஆனால் ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் இரண்டு பக்கமும் ஓட்டம் இல்லை. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு கழற்றியிருப்பார்கள். அவர் பத்தாவது இன்னிங்ஸுக்கும் நடந்து வந்தார். முழு ஆட்டத்துக்கும் 99 பந்துகள்தான். ஜேஸ் 1-0 என்று வென்றது. அந்த ரிக்கெற் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தத் துண்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

12 பருவங்கள் எங்களிடம் இருந்தார், ஒரு தரமும் இறுதிச் சுற்றுப் போட்டிகளுக்கு அவரை எங்கள் அணி கொண்டுபோகவில்லை. அது ரொறன்ரோ ரசிகர்களுக்கு ஆறாத குறை. 2009 டிசெம்பரில் பிலடெல்பியாவுக்கு மாற்றினார்கள். கோபம் வரவேயில்லை, போய் வெல்லட்டும் என்றுதான் நினைத்தோம். 2010 மே 29 புளோரிடா அணிக்கு எதிராக துடுப்பெடுக்க 27 தரம் வந்தார்கள், 27 தரமும் தளத்தை மிதிக்காமலே திரும்பினார்கள். அதே ஒக்டோபர் 6, தன் முதலாவது இறுதிச் சுற்று ஆட்டத்திலேயே சின்சினாட்டிக்கு ஒரு அடியும் கொடுக்கவில்லை. அதற்கு முன் இறுதிச் சுற்றில் அப்படிச் செய்தவர் 1956இல் டொன் லார்சன் ஒருவர் மட்டும். அந்த ஜூனில் அவர் பிலடெல்பியாவோடு ரொறன்ரோவுக்கு வருவதாக இருந்தது, நானும் ரிக்கெற் வாங்கி வைத்திருந்தேன். ஜி20 மாநாட்டால் அந்த மூன்று ஆட்டத்தையும் பிலடெல்பியாவுக்கே மாற்றிவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து, 2011 ஜூலை 2, அவர் வந்து முழு ஆட்டமும் எறிந்து எங்களை 5-3 என்று தோற்கடித்தார். நாங்கள் எழும்பி நின்று கை தட்டினோம். அதுதான் நான் அவரை நேரில் பார்த்த கடைசித் தரம்.

இனி அந்தக் கிழமைக்கு வருகிறேன். செவ்வாய் இரவு வீட்டுக்குப் போனதும் மனைவி, "என்னப்பா முகம் ஒரு மாதிரி?" என்று கேட்டார். சொன்னேன். "பாவம், பிள்ளையள் இருக்கோ?" என்றார். இரண்டு பெடியள் என்றேன். அவர் உண்மையாகவே கவலைப்பட்டார், ஆனால் அந்தப் பெயர் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதற்கு மேல் கதைக்கத் தெரியவில்லை. புதன்கிழமை முழுக்கப் பழைய ஆட்டங்களின் காணொளிகள். வியாழன் அதிகாலை இரண்டு மணிக்கு, நித்திரை வராமல், அவர் கையெழுத்திட்ட பந்து ஏதும் கிடைக்குமா என்று தேடத் தொடங்கினேன். அவருடைய கை பட்ட ஒரு பொருள் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தேவைப்பட்டது. சில மாதங்களுக்கு முன் சும்மா பார்த்தபோது அப்படிப் பந்துகள் 150, 200 அமெரிக்க டொலருக்குப் போனது ஞாபகம். அந்த இரவு எல்லாம் 500, 600, 800. ஒவ்வொரு தரமும் பக்கத்தைப் புதுப்பிக்க ஒன்றிரண்டு விற்றுப்போய்விட்டதாகக் காட்டும். விட்டால் பிறகு கிடைக்கவே கிடைக்காது என்ற பயம் வந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். ஒருவர் திடீரென்று இறந்த முதல் இரண்டு மூன்று கிழமை விலை உச்சியில் நிற்கும், பிறகு இறங்கும். அடுத்த வசந்தத்திலேயே நான் அதைக் கண்ணால் பார்த்தேன். ஹலடே அவ்வளவு பந்துகளில், அட்டைகளில், படங்களில் கையெழுத்துப் போட்டவர். ஒரு கிழமையில் அவை உலகத்திலிருந்து காணாமல் போகப் போவதில்லை. என்ன ஆசையாக இருந்தாலும் ஒரு மாதம் பொறுங்கள். அந்த ஒரு மாதத்தில் உங்கள் மனமும் சற்று ஆறியிருக்கும், பொருளை வடிவாகப் பார்க்கக் கண்ணும் வந்திருக்கும்.

அந்த இரவு அமெரிக்காவில் இருந்து ஒருவர் 600 டொலருக்கு ஒரு பந்து போட்டிருந்தார். நான் ஒரு செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது. 2009 மார்ச்சில் டனீடின் பயிற்சி முகாமில், வேலிக்குப் பக்கத்தில் தன் மகனோடு நின்றபோது ஹலடே வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். மகனுக்கு இப்போது படிப்புச் செலவாம், மனமில்லாமல்தான் விற்கிறாராம். தானும் செவ்வாய்க்கிழமையில் இருந்து அழுதுகொண்டிருப்பதாக எழுதினார். இரண்டு நாளாக ஹலடேயின் பெயர் தெரிந்த ஒருவரோடும் கதைக்காத நான் அந்த ஆளோடு முக்கால் மணித்தியாலம் எழுதிக்கொண்டிருந்தேன். 2003 ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். அவரும் பொருத்தமாகப் பதில் எழுதினார். இன்றைக்கும் என்னைக் கூட வருத்துவது காசைவிட அதுதான். நான் என் துக்கத்தைச் சொன்ன முதல் ஆள் ஒரு ஏமாற்றுக்காரர்.

பிறகு அவர் சொன்னார், விற்பனைக் கட்டணம் இல்லாமல் நண்பர்களுக்குக் காசு அனுப்பும் முறையில் அனுப்பினால் அனுப்புசெலவில் கொஞ்சம் குறைக்கிறேன் என்று. அனுப்பினேன். 600 டொலர் பந்துக்கு, 30 டொலர் அனுப்புசெலவுக்கு. அப்போதைய மாற்று விகிதத்தில் 806 கனடிய டொலர், அதற்கு மேல் வெளிநாட்டுக் காசுக்கென்று வங்கி எடுத்தது 20. இதில் நான் செய்த மிகப் பெரிய பிழை இந்த அனுப்பிய முறைதான். பொருள் வாங்குவதற்கென்று உள்ள முறையில் அல்லது கடனட்டையில் கட்டியிருந்தால், பொருள் பொய் என்று தெரிந்ததும் முறையிட்டுக் காசைத் திருப்பிக் கேட்க ஒரு வழி இருக்கும். நண்பருக்கு அனுப்பிய காசு என்று நீங்களே சொல்லி அனுப்பிவிட்டால் அது அன்பளிப்பு, அதற்குப் பாதுகாப்பு இல்லை. விற்பவர் ஒருவர் 'நண்பர்' முறையில் அனுப்பச் சொன்னால், எவ்வளவு நல்ல மனிதராகத் தெரிந்தாலும், அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். 20, 30 டொலரை மிச்சம் பிடிக்கப் போய் முழுவதையும் இழந்தேன்.

அடுத்தது எல்லை. அமெரிக்காவில் இருந்து பொருள் எடுப்பித்தால் இங்கே ஒன்ராறியோவில் 13 வீதம் விற்பனை வரி வாசலில் கட்ட வேண்டும், தனியார் கூரியர் என்றால் சுங்க வேலை பார்த்த கூலி என்று தனியாக ஒன்றும் எடுப்பார்கள். கதவைத் தட்டிய ஆள் 138 டொலர் கேட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனைவி வேலைக்குப் போயிருந்தார், அவசரமாகக் கட்டி உள்ளே எடுத்துவிட்டேன். கண்ணாடிப் பெட்டி ஒன்று 35 டொலர். எல்லாம் கூட்டினால் 999. அப்போது எனக்கு மணித்தியாலத்துக்கு 16 டொலர் சம்பளம், வரிக்கு முதல். அறுபது மணித்தியாலத்துக்கு மேல் பெட்டி தூக்கிய காசு.

பந்தோடு ஒரு கடுதாசி வந்தது, தங்க நிறக் கரை போட்டு, 'உண்மைச் சான்றிதழ்' என்று. கீழே கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயர். பந்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து நிலக்கீழறை அலுமாரியில் ஏற்றினேன். மனைவி கேட்டதற்கு, வேலைத்தலத்தில் ஒருவர் தந்தது என்று பொய் சொன்னேன். வேலையால் வந்து, எல்லாரும் படுத்த பிறகு, போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படித்தான்.

ஜனவரியில் உடற்கூற்றுப் பரிசோதனை முடிவுகள் வெளியே வந்தன. அவருடைய உடலில் மோர்பினும் அம்பெற்றமினும் இருந்திருக்கின்றன. தண்ணீருக்கு மிகக் கிட்டவாகத் தாழப் பறந்ததைப் பற்றியும் கதைத்தார்கள். கடைசியாக 2020இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் அறிக்கையும் அதையேதான் சொன்னது: போதைப்பொருள் உடலில் இருக்க, அபாயமான முறையில் விமானத்தை வளைத்துத் திருப்பி ஓட்டியிருக்கிறார். ஆட்கள் அவரைப் பற்றி எழுதியவற்றை வாசித்து எனக்கு உடம்பு நடுங்கியது. ஒரு பக்கம் தெய்வமாக்கினார்கள், மறுபக்கம் குப்பையில் போட்டார்கள். அந்த நாட்களில் நான் எவரோடும் வாதாடப் போகவில்லை, அது நான் செய்த ஒரே நல்ல காரியம். கடும் உடல்வலியோடு விளையாடிய ஒரு மனிதர், மாத்திரைகளோடும் மனத்தோடும் போராடினார் என்று பின்னர் அவருடைய மனைவியே வெளிப்படையாகச் சொன்னார். அதை அறிந்த பிறகு எனக்கு அவர்மேல் இருந்த அன்பு குறையவில்லை, கவலை கூடியது.

2018 மார்ச் 29, பருவத்தின் முதல் ஆட்டம், யாங்கீஸுக்கு எதிராக. அன்று ஜேஸ் அணி ஹலடேயின் 32ஆம் இலக்கத்துக்கு ஓய்வு கொடுத்தது, இனி அந்த இலக்கச் சட்டையை அங்கே எவரும் போட முடியாது. ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு தனியாகப் போனேன். அவருடைய மனைவியும் இரண்டு மகன்மாரும் மைதானத்துக்குள் வந்தபோது எனக்குப் பக்கத்தில் இருந்த கிழவி ஒருவர் என்னைக் கேட்காமலே என் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அழுதோம். பெயர்கூடக் கேட்கவில்லை. அந்தப் பத்து நிமிடம் எனக்குச் செய்ததை அந்தப் பந்து ஐந்து மாதமாகச் செய்யவில்லை. அங்கே நின்றபோதே அது ஓரளவு விளங்கிவிட்டது.

மே மாதம் மிசிசாகாவில் விளையாட்டு அட்டைகள், நினைவுப் பொருட்கள் சந்தை நடந்தது, அப்போது அது வருடத்துக்கு இரண்டு தரம் நடக்கும். பந்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன், விற்க அல்ல, பெருமையாகக் காட்டத்தான். ஒரு மேசையில் வயதான வியாபாரி ஒருவர் இருந்தார். பந்தை வாங்கி, கையெழுத்தைப் பார்க்கவேயில்லை, நேரே உருட்டி மறுபக்கத்தைப் பார்த்தார். "எப்போது கையெழுத்துப் போட்டது என்று சொன்னார்கள்?" 2009 மார்ச் என்றேன். அவர் பந்தை என் பக்கம் திருப்பி, அச்சடித்திருந்த பெயரில் விரலை வைத்தார். ஜேஸ் போன்ற அணிகள் விளையாடும் பெருலீக்கின் அதிகாரபூர்வப் பந்து ஒவ்வொன்றிலும் அதன் தலைவரான அப்போதைய ஆணையாளரின் கையெழுத்து அச்சாகியிருக்கும். என் பந்தில் இருந்தது றொப் மன்ஃப்ரெட். அவர் ஆணையாளரானது 2015 ஜனவரியில். 2009இல் இருந்தவர் பட் சீலிக். ஆறு வருடத்துக்குப் பிறகு செய்யப்போகும் பந்தில் 2009இல் கையெழுத்துப் போட ஒருவராலும் முடியாது. ஆறு மாதமாக ஒவ்வொரு இரவும் நான் பார்த்துக்கொண்டு நின்ற பந்து. அந்தப் பெயர் என் கண்ணுக்கு முன்னாலேயே அச்சாகி இருந்தது.

முகம் எப்படிப் போனதோ தெரியவில்லை, அவர் தன் கதிரையை எனக்குத் தந்தார். அப்புறம் பொறுமையாகச் சில விடயங்கள் சொல்லித் தந்தார், அவற்றை அப்படியே தருகிறேன். 2001இலிருந்து பெருலீக் தானே உண்மைச் சான்று கொடுக்கும் ஒரு திட்டம் நடத்துகிறது. எஃப்பிஐயின் 'ஆபரேஷன் புல்பென்' விசாரணையில் பொய்க் கையெழுத்துச் சந்தை எவ்வளவு பெரியது என்று தெரியவந்த பிறகு தொடங்கியது. அதிகாரி ஒருவர் பக்கத்தில் நின்று, வீரர் கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்த்தால் மட்டும்தான் அந்த ஹொலோகிராம் வில்லையை ஒட்டுவார். அதில் ஓர் இலக்கம் இருக்கும். அந்த இலக்கத்தைப் பெருலீக்கின் இணையத்தளத்தில் போட்டால் என்ன பொருள், எந்த நாள் என்று வரும். உங்கள் கையில் இருப்பதும் அங்கே எழுதியிருப்பதும் ஒத்துப்போக வேண்டும், வில்லை இருப்பது மட்டும் போதாது. வில்லை இல்லாவிட்டால் பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெற் போன்ற, கையெழுத்தைச் சரிபார்க்கும் நிறுவனங்களின் சான்றைப் பாருங்கள், அதையும் இலக்கம் போட்டுச் சரிபாருங்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலும் கையெழுத்தை ஒப்பிட்டுச் சொல்வது அபிப்பிராயம், பக்கத்தில் நின்று பார்த்தது அல்ல என்பதையும் மனதில் வைத்திருங்கள். விற்பவர் தானே அச்சடித்துத் தரும் சான்றிதழுக்கு அந்தக் கடுதாசியின் விலைகூட இல்லை. வேலிக்குப் பக்கத்தில் மகனோடு நின்ற கதை கதைதான், சான்று அல்ல. கதை எவ்வளவு நெஞ்சைத் தொடுகிறதோ அவ்வளவுக்குக் கவனமாக இருங்கள். மலிவாக, பயமில்லாமல் ஒரு கையெழுத்து வேண்டுமென்றால் அட்டை நிறுவனங்களே வீரரிடம் வாங்கி வெளியிட்ட கையெழுத்து அட்டைகள் இருக்கின்றன. அட்டையின் பின்பக்கத்தில் நிறுவனமே அதை உறுதிசெய்திருக்கும்.

அன்று அவரிடம் நான் வாங்கியது 1997 போமன் அட்டை ஒன்று, கையெழுத்து இல்லாதது, 15 டொலர். ஒல்லியான, இருபது வயது ஹலடே. வியாபாரம் முடிந்த பிறகும் அவர் என்னை விடவில்லை. "எங்கே பார்த்தாய் அவரை?" என்று கேட்டார். 2003 செப்ரெம்பர், பத்து இன்னிங்ஸ் என்றேன். மனிதர் எழும்பியே விட்டார். அவரும் அன்று ஸ்கைடோமில் இருந்திருக்கிறார், கீழ் அடுக்கில். நாற்பது நிமிடம் கதைத்தோம், இடையில் வந்த வாடிக்கையாளர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு. ரிக்கெற் துண்டு இருக்கிறதா என்று கேட்டார், இருக்கிறது என்றேன். "அதை நல்ல உறையில் போட்டு வை, வெயில் படவிடாதே" என்றார்.

வீட்டுக்கு வந்து விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன். கணக்கே இல்லை, அழித்துவிட்டார். வங்கியில் கேட்டேன், காசு அனுப்பிய நிறுவனத்தில் கேட்டேன், நண்பருக்கு அனுப்பியது என்று எல்லா இடமும் ஒரே பதில். அவர்கள்மேல் பிழையில்லை. பொருள் வந்த அன்றே ஒரு தெரிந்தவரிடம் காட்டியிருந்தால் குறைந்தது அவர் மறைவதற்கு முன் பிடித்திருக்கலாம். கடனட்டை முறைப்பாடுகளுக்கும் காலக்கெடு உண்டு, மாதக்கணக்கில் அலுமாரியில் வைத்துவிட்டுப் போனால் அதுவும் கைவிடும். எழுதிய செய்திகளையும் நான் அழித்துவிட்டிருந்தேன், மனைவி பார்த்துவிடுவார் என்று. தயவுசெய்து ஒன்றையும் அழிக்காதீர்கள். மோசடி முறைப்பாடு ஒன்று பதிவுசெய்து வைத்தேன். காசு வராது என்று தெரிந்தும், அடுத்த ஆளுக்கு அது உதவக்கூடும் என்பதால்.

2019 ஜனவரியில் ஹலடேயை, தகுதி பெற்ற முதல் வருடத்திலேயே, பேஸ்போல் புகழரங்குக்குத் தெரிவு செய்தார்கள். ஜூலை 21, அந்த அரங்கம் இருக்கும் அமெரிக்க ஊரான கூப்பர்ஸ்ரவுனில் விழா. போக நினைப்பவர்களுக்கு: ரொறன்ரோவிலிருந்து கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலக் கார் ஓட்டம். விழா திறந்த புல்வெளியில், ரிக்கெற் தேவையில்லை, கதிரை நீங்களே கொண்டுபோக வேண்டும். அந்தச் சின்ன ஊரில் அந்த வாரம் அறை கிடைக்காது, நான் யூட்டிக்காவில் தங்கிக் காலை வெள்ளெனப் போனேன். தண்ணியும் தொப்பியும் மறக்காதீர்கள், வெயில் அப்படி. எனக்குப் பக்கத்தில் பிலடெல்பியாவிலிருந்து வந்த ஒரு தம்பதி. அவர்களுக்கு 2010, எனக்கு 2003. மாறி மாறிச் சொன்னோம். மேடையில் அவருடைய மனைவி பிரண்டி பேசினார், மனிதர்கள் எவரும் பூரணமானவர்கள் இல்லை, ஆனாலும் உழைப்பும் பணிவும் இருந்தால் அப்படிப்பட்டவர்களுக்கும் பூரணமான தருணங்கள் வரும் என்ற கருத்தில். பிலடெல்பியாக்காரர் தன் தொப்பியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அடுத்த நாள் அரங்கத்துக்குள் போய் வெண்கலத் தகட்டைப் பார்த்தேன். தொப்பியில் எந்த அணியின் சின்னமும் இல்லை, குடும்பம் அப்படித்தான் கேட்டிருந்தது.

வெளியே வந்து வாங்கொன்றில் இருந்து மனைவிக்குப் போன் எடுத்தேன். பார்த்ததை எல்லாம் சொன்னேன். பிறகு ஏனோ அதையும் சொல்லிவிட்டேன், அந்தப் பந்து வேலைத்தலத்தில் தந்தது இல்லை, 1,000 டொலர், அதுவும் பொய்ப் பந்து என்று. கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"காசு போனது எனக்குத் தெரியுமப்பா" என்றார். "அந்த மாசமே பாங்க் பேப்பர் பாத்தனான்."

"ஏன் கேக்கேல்லை?"

"கேட்டா நீங்கள் அதைப் பாக்கப் போறதை விட்டிடுவீங்கள் எண்டு நினைச்சன்."